மூடியைத் தட்டிப் பார்ப்பவர்

மெக்கானிக்குக்கு அவருடைய அத்தான் மேல் பத்தொன்பது வருஷமாக ஒரு மனத்தாங்கல். சொல்லப்போனால் சின்ன விஷயம்தான். ஒரு ரேடியோ. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, நாலு இடத்தில் தொழில் பழகி, ஒரு வழியாகச் சொந்தமாக ரிப்பேர் கடை போட்ட அன்று, தன் கையாலேயே பாகம் சேர்த்துப் பூட்டிய முதல் ரேடியோவைப் பளபளக் காகிதத்தில் சுற்றி அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தான் வாங்கினார். கவிழ்த்துப் பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். நடுவிரல் முட்டியை மடக்கி மேல்மூடியில் டொக் டொக் என்று தட்டினார். பிறகு நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, கையை விட்டார். ரேடியோ பாடிக்கொண்டே விழுந்தது. எடுத்து மறுபடியும் விட்டார். பாட்டு நின்று கரகர என்றது. மூன்றாவது தடவையும் விட்டார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் பதினான்கு துண்டுகளாக ரேடியோ கடைக்குத் திரும்பி வந்தது.

"ரெண்டு தடவை தாங்குச்சு மாப்ளே. மூணாவது தடவை தாங்கலை. பார்த்துக்கோ."

நன்றியா? அதெல்லாம் கிடையாது. அவரைப் பொறுத்தவரை அதுதான் நன்றி.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தட்டிப் பார்ப்பவர்கள். கடையில் பிளாஸ்டிக் வாளி வாங்கினால் அதைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்பார்கள். சட்டை வாங்கினால் பொத்தானைப் பிடித்து இழுப்பார்கள்; வந்தால், "பார்த்தியா, வந்துடுச்சு" என்று விற்பனைப் பெண்ணிடம் நீட்டுவார்கள்; வராவிட்டால், வரும்வரை இழுப்பார்கள். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் வாசற்கதவை இரண்டு முறை திறந்து மூடி, கீல் கிறீச்சிடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்து, "சௌக்கியமா?" என்பார்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட வாடகை நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்து, பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவரிடம், "குண்டானவங்க யாரும் இதுல உக்கார வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று தணிந்த குரலில் சொல்வார்கள். உயிர் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், நாற்காலிக்கால் முக்கியமில்லையா?

அத்தான் ஏதோ பெரிய தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். குடிநீர் அலுவலகத்தில் தபால் பிரிவு. முப்பத்துமூன்று வருஷம் கவரில் தபால் தலை ஒட்டி ஓய்வு பெற்றவர். அங்கேயும் ஒட்டிய தலையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார் என்றும், அதனாலேயே பாதிக் கடிதங்கள் தலையில்லாமல் போய்ச் சேர்ந்தன என்றும் உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். தெருவில் அவருக்கு வைத்த பெயர் 'தரச்சான்று'. அவருக்கும் அது தெரியும். கேலி என்று மட்டும் தெரியாது.

வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று எந்தக் கடைக்காரன் முதன்முதலில் எழுதி மாட்டினானோ, அவனுக்குத் தெரியாது, இந்த மனிதருக்கு ஒரு வாழ்க்கையே எழுதிக் கொடுக்கிறோம் என்று. வாங்குவார். இருபத்தொன்பது நாள் சோதிப்பார். முப்பதாம் நாள் அதே பெட்டி, அதே தெர்மாகோல், அதே பிளாஸ்டிக் உறை, வயரைக் கட்டியிருந்த அதே முறுக்கு நூல் சகிதமாகக் கடைக்குப் போய் நிற்பார். அந்தக் கடையில் வேலை பார்ப்பவர்கள் தூரத்திலேயே அவர் நடையை அடையாளம் கண்டுகொண்டு, ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து எதையாவது தேடத் தொடங்குவார்கள். அந்த வீட்டில் அக்கா எந்த இஸ்திரிப் பெட்டியோடும் ஒட்டுறவு வைத்துக்கொள்வதில்லை. எப்படியும் போகப்போவதுதானே. கெட்டிலில் வெந்நீர் வைத்தால் அட்டைப் பெட்டி நனையாமல் தள்ளி வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுக்கும் பொருள்களுக்கும் உள்ள பந்தம்.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருவோம்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் முப்பத்தோரு வருஷம் இருந்தவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று அவள் சொன்னால், பிரசவ அறையிலிருந்து சேதி வராமல் தவித்துப் போன் போட்டவர்கள்கூட ஒரு நிமிஷம் அடங்கி நிற்பார்கள். அவளுக்குப் பணி ஓய்வு விழா நடத்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையேறி, மைக்கைப் பிடித்து, நாலு நிமிஷம் பேசினாள். அத்தான் வரவில்லை. ஏன்? அன்றைக்கு ஒரு கெட்டிலுக்கு முப்பதாம் நாள்.

"கெட்டிலுக்குக் கெடு இன்னிக்குத்தான்மா. உன் பேச்சை வீடியோ எடுக்கத்தானே போறாங்க?" என்றார்.

எடுத்தார்கள். நல்ல துல்லியமாக இருக்க வேண்டும் என்று ஒரு ப்ளூ-ரே டிஸ்க்கில் போட்டு, வெள்ளைக் காகித உறையில் வைத்துக் கொடுத்தார்கள். எடுத்த ஆள் மறுநாளே இன்னொரு விழாவுக்காகக் காமிராவில் இருந்ததை அழித்துவிட்டதால் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் கருவி இல்லை. "தம்பி கடையில பார்க்கலாமே" என்றாள் அக்கா. "கண்ட மெஷின்லயும் போட்டா கீறல் விழும்" என்று சொல்லிவிட்டு, அத்தானே போய் இருப்பதிலேயே மலிவான ஒரு ப்ளூ-ரே பிளேயரை வாங்கி வந்தார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தான் பேசியதைக் கேட்கவென்று மனிதர் ஒரு கருவியே வாங்கிவிட்டாரே! டிஸ்க்கைக் கொண்டுவந்து பிளேயர்மேல் வைத்தாள்.

"இரு, இரு. மெஷின் எப்படின்னு தெரியாம இதைப் போடக் கூடாது. டெஸ்ட் முடியட்டும்."

போயிற்று.

முதல் நாள் சமையலறைத் தராசில் பிளேயரை நிறுத்தினார். ஒரு பெரிய பூசணிக்காயைவிட இளைத்திருந்தது. மூடியைத் தட்டினார், தகர டப்பா போல் பேசியது. மூடிமேல் ஒரு கோலிக் குண்டை உருட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, நாலு ரப்பர் காலில் ஒன்று குட்டை என்று கண்டுபிடித்தார். டிஸ்க் வைக்கும் தட்டு வெளியே வர நாலு வினாடி, உள்ளே போக மூன்றரை, அந்த அரை வினாடி எங்கே போயிற்று என்று இரண்டு நாள் யோசித்தார். மின்சாரம் போட்டதிலிருந்து படம் வரும்வரை எத்தனை வினாடி என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மருந்து சாப்பிடுகிற மாதிரி அளந்து, எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். சூடு ஏறுகிறதா என்று முதலில் உள்ளங்கையை வைத்தார், பிறகு புறங்கையை, பிறகு கன்னத்தை. அக்கா மாடிப்படியில் வந்தபோது மனிதர் பிளேயர்மேல் கன்னம் வைத்துக் கண்மூடிக் கிடந்தார். அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. ரிமோட்டின் சக்தியைச் சோதிக்க நேரே நின்று அழுத்தினார், பக்கவாட்டில் நின்று அழுத்தினார், திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து அழுத்தினார். கடைசியில் அக்காவைக் கூப்பிட்டு நடுவே நிற்கவைத்து, ஆளைத் தாண்டி சிக்னல் போகிறதா என்று பார்த்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் நகரு. ம், இப்போ போகுது. நீதான் மறைக்கிறே."

"டெஸ்ட் முடிஞ்சுதாங்க?"

"இன்னும் டிஸ்க் டெஸ்ட்டே ஆரம்பிக்கலையே!"

டிஸ்க் சோதனைக்கு மெக்கானிக்கிடம் கழித்துப்போட்ட டிஸ்க் ஆறு வாங்கிப் போனார். மெக்கானிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடையை விட்டு எது வெளியே போனாலும், டார்ச் லைட்டோ, டி.வி.யோ, ஓட்டை டிஸ்க்கோ, ஒரு மூலையில் பச்சை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துத்தான் அனுப்புவார். நாளைக்கு எவனாவது வேறு பொருளைக் கொண்டுவந்து "நீ ரிப்பேர் பண்ணினதுதான்யா இது" என்று சண்டைக்கு நின்றால் புள்ளி எங்கே என்று கேட்கலாம். ஆறு டிஸ்க்கின் உள்வட்டத்திலும் பச்சைப் புள்ளி வைத்து, வெள்ளை உறையில் போட்டுக் கொடுத்தார். அத்தான் அவற்றை வரிசையாக அடுக்கி, உறைமேல் ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். அக்காவின் டிஸ்க்கைத் தனியாக எடுத்து, கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி, பீரோவில் பத்திரப்படுத்திப் பூட்டினார். அக்கா தினமும் விளக்கை அணைக்கப் போகும்போது பீரோவை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். இருபது நாள், இருபத்தைந்து நாள். முப்பதாம் நாள் பிளேயர் கடைக்குத் திரும்பிப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் இதுவரை வழியனுப்பிய கெட்டில்கள் எத்தனை!

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அத்தானிடமிருந்து மெக்கானிக்குக்கு அவசர அழைப்பு.

"மாப்ளே, உள்ளே எப்படியிருக்குன்னு பார்க்க மூடியைக் கழட்டினேன். இப்போ சரியா உக்கார மாட்டேங்குது. திறந்ததே தெரியாத மாதிரி மூடிக் குடு. நாளைக்குக் கடையில குடுக்கணும்."

மெக்கானிக் போனார். மேஜைமேல் பிளேயர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே உள்ளங்கையளவு ஒரு பலகை. மீதியெல்லாம் வெறும் காற்று.

"என்ன அத்தான், பாதி வீடு காலியா இருக்கு. வாடகைக்கு விடலாம் போல."

"அதான் மாப்ளே சொல்றேன்! ஆனா ஒண்ணு, கீறல் விழுந்த டிஸ்க்கைக்கூடப் படிக்குது. நானே ஊசியால கீறிப் பார்த்துட்டேன். நோட்டைப் பாரு."

அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். மெக்கானிக் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டே டிஸ்க்குகளை ஒதுக்கி வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. கை பழகிய வேலை. உள்வட்டத்தில் பச்சைப் புள்ளியைக் கண் தானாகப் பார்த்துக்கொண்டே போயிற்று. நான்காவதில் புள்ளி இல்லை.

"இது என்னுது இல்லையே அத்தான்."

"உன்னுதுதான். நாலாம் நம்பர். ரொம்ப நல்ல டிஸ்க். அதுலதான் பதினோரு தடவை ஓட்டினேன்."

"பச்சைப் புள்ளி இல்லை. நான் குடுத்த ஆறுலயும் இருக்கும்."

அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு பீரோவுக்கு நடந்தார். நடை கொஞ்சம் வேகமாகத்தான் இருந்தது. துணியைப் பிரித்தார். உள்வட்டத்தில், பொட்டு வைத்த மாதிரி, பச்சைப் புள்ளி.

சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் இரவல், இன்னும் பன்னிரண்டு நாளில் போய்விடும். அக்கா வந்து அந்த நீள நோட்டை எடுத்தாள். நாலாம் டிஸ்க் என்று எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி, டெலிபோன் போர்டில் செய்தி வாசிக்கிற அதே குரலில் படித்தாள்.

"'ஒலி அணைக்கப்பட்டது. படம் நான்கு மடங்கு பெரிதாக்கப்பட்டது.' எதுக்குங்க ஒலியை அணைச்சீங்க?"

"மெஷின் உள்ளே சுத்துற சத்தம் கேட்கணும்ல..."

"'திரைச்சீலை: சிவப்பு கசியவில்லை. புடவைக் கரை: நூல் நூலாகத் தெரிகிறது. வளையல்: ஓரம் கூர்மை. கை: தோல் நிறம் இயல்பு.'" அக்கா தன் கையைத் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "'மூன்று நிமிஷம் பன்னிரண்டாவது வினாடியில் ஊசிக் கீறல். ஆறு வினாடி உறைவு. மற்றபடி திருப்தி.'"

நாலு மடங்கு பெரிதாக்கினால் முகம் திரைக்கு வெளியே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புடவையை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். அந்த வளையல் முப்பது வருஷமாக அவருக்குச் சாப்பாடு பரிமாறிய வளையல். பதினோரு தடவை! ஒரு மனிதர் தன் பெண்டாட்டியைப் பதினோரு தடவை உற்றுப் பார்த்து, தோல் நிறம் இயல்பு என்று சான்று கொடுத்து, ஆள் யாரென்று தெரியாமல் இருந்திருக்கிறார். இப்படி ஒரு தவறை நீங்களோ நானோ செய்ய முடியுமா? அதற்கெல்லாம் தனியாகப் பிறக்க வேண்டும்.

"போடுடா தம்பி" என்றாள் அக்கா.

மெக்கானிக் மூடாத பிளேயரிலேயே டிஸ்க்கைப் போட்டார். அத்தான் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள். ஆட்டிப் பார்க்காமல் உட்கார்ந்தார். அது மெக்கானிக்கின் கண்ணில் பட்டது.

திரையில் சிவப்புத் திரைச்சீலை. அதன் முன்னால் அக்கா, மைக்கைக் கோழியைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"முப்பத்தோரு வருஷமா எல்லாரையும் லைன்ல இருங்க, லைன்ல இருங்கன்னு சொல்லியே காலம் போயிடுச்சு" என்று ஆரம்பித்தாள். சிரித்தார்கள். தவறான நம்பருக்குப் போட்டுவிட்டு அரைமணி நேரம் குடும்பக் கஷ்டம் சொன்ன ஒருவரைப் பற்றிச் சொன்னாள். பெரிய டாக்டர் ஒருவர் தினமும் தன் பெயரைத் தானே தப்பாகச் சொல்வதைச் செய்து காட்டினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். அத்தான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது அவருக்கு யாரும் சொல்லாத சேதி.

"இப்போ எங்க வீட்டுக்காரரைப் பத்தி" என்றாள் திரையிலிருந்த அக்கா. மண்டபம் அடங்கியது. "அவரு இன்னிக்கு வரலை. எங்கேயோ முக்கியமான வேலை. ஆனா அவரைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு எனக்கு ரொம்ப வருஷமா ஆசை. அது என்னன்னா..."

படம் உறைந்தது. வாய் பாதி திறந்த அக்கா, ஒரு கை மேலே. ஒன்று. இரண்டு. மூன்று. அத்தான் ரிமோட்டை அழுத்தினார். நான்கு. ஐந்து. ஆறு.

படம் அசைந்தபோது கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு நர்ஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துக் கண்ணீர் வந்ததா, அழுது வந்ததா, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெரியவில்லை. அக்கா கும்பிட்டாள். முடிந்தது.

"என்ன சொன்னே?" என்றார் அத்தான்.

"நோட்டுல நீங்களே எழுதியிருக்கீங்களே. ஆறு வினாடி உறைவு. மற்றபடி திருப்தி."

"விளையாடாதே. நல்லதா சொன்னியா, கெட்டதா சொன்னியா?"

"ஊரே கைதட்டுச்சே, பார்க்கலை?"

"அது ரெண்டுக்கும் தட்டுவாங்கம்மா! என்னதான் சொன்னே?"

அக்கா எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று திரும்பி, ஆஸ்பத்திரிக் குரலில், அவ்வளவு மரியாதையாக, "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முப்பதாம் நாள். பிளேயர் கடைக்குப் போகவில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் குனிந்து குனிந்து முதுகு வலித்ததுதான் மிச்சம். மெக்கானிக் ரிப்பேர் கடையின் கதவைத் தூக்கும்போதே வாசலில் அத்தான் நின்றார். இரண்டு கையிலும் டிஸ்க்கை ஏந்தியிருந்தார், பச்சைக் குழந்தையை ஏந்துவது போல. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"மாப்ளே, இந்தக் கீறலைத் தேய்ச்சு எடுக்க முடியுமா? அந்த ஆறு செகண்டு போதும். மத்ததெல்லாம் எப்படி வந்தாலும் பரவாயில்லை."

மெக்கானிக் டிஸ்க்கை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீறல் மேலோட்டம்தான், பொறுமையாக மெருகேற்றினால் போய்விடும் என்று பார்த்த உடனே தெரிந்தது. சொல்லவில்லை. நடுவிரல் முட்டியை மடக்கினார். டொக் டொக் என்று டிஸ்க்கின் ஓரத்தில் தட்டினார். பத்தொன்பது வருஷம் சும்மாவா? டிஸ்க்கை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார்.

"ஐயோ மாப்ளே!" என்று அத்தான் இரண்டு கையையும் கீழே நீட்டிப் பாய்ந்தார்.

"சும்மா தூசி பார்த்தேன் அத்தான். ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

மனத்தாங்கல் அங்கேயே தீர்ந்ததா என்று கேட்டால், பதினான்கு துண்டில் ஒரு பன்னிரண்டு துண்டுக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையைப் படிக்க உட்கார்ந்தபோது, முதலில் எத்தனை பக்கம் என்று கடைசிவரை புரட்டிப் பார்த்தீர்களா இல்லையா? தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, மெலிசுத் தாள் என்று மனசுக்குள் ஒரு குறிப்பு எழுதினீர்களா? எழுத்துப்பிழை ஏதாவது கிடைக்குமா என்று பாதிக் கண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்தீர்களா? அப்படியானால் வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவர் நேற்று உங்களிடம் ஏதோ சொன்னாரே, அது என்ன? யோசியுங்கள். அவசரமில்லை. லைனில் இருக்கிறேன்.

அத்தான் தெருமுனைவரை போனவர் திரும்பி வேகமாக வந்தார். மெக்கானிக் அதற்குள் மெருகு டப்பாவைத் திறந்திருந்தார். அத்தான் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சு வாங்கினார்.

"மாப்ளே, வேலை முடிஞ்சதும் சரியா ஓடுதான்னு ஒரு தடவை போட்டுப் பார்த்து..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். கழுத்து வரைக்கும் சிவந்துபோனார்.

"வேண்டாம். போட்டுப் பார்க்காதே. நீ கேட்டுடாதே. டெஸ்ட் கிஸ்ட் எதுவும் பண்ணாம, அப்படியே என் கையில குடு."